மாவுக்கட்டில் நடந்த பெண்

எழுநூற்றுப் பதினான்கு மாவுக்கட்டுகள். அத்தனையும் வெவ்வேறு ஆட்களின் கை கால்களில் இருந்தவை. ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கை அளவுக்கு ஒரு படம். நொடிக்கு எட்டு படம் என்று ஓடவிட்டால் ஒன்றரை நிமிடம் வரும். ஒரு பெண் வீட்டைப் பூட்டிவிட்டு, குடையை இடுக்கிக்கொண்டு, தெருவில் நடந்து போகிறாள். கதை அவ்வளவுதான்.

இதை வரைந்தவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் வேலை பார்க்கிறார். டாக்டர் எலும்பை நேராக்கிக் கொடுத்ததும் நனைத்த மாவுத்துணியைச் சுற்றி, அது இறுகும்வரை அசையாமல் பிடித்திருப்பது இவர் வேலை. சில வாரம் கழித்து எலும்பு கூடி ஆள் திரும்பி வந்தால் சின்ன மின்ரம்பத்தால் கட்டை வெட்டி எடுப்பதும் இவர்தான். குழந்தைகளுக்கு மாவு மாமா. கூட வேலை பார்ப்பவர்களுக்கு மாவு அண்ணன். அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, "மாவு பிசையறாரு" என்று மகள் சொல்லிவிட்டாள். அந்த வருடம் முழுக்க அவள் ஹோட்டல்காரர் மகளாகவே அறியப்பட்டாள்.

அழுகிற குழந்தைகளுக்காகக் கட்டின் மேல் ஒரு குருவி வரைந்து கொடுப்பது அவருடைய பழைய வழக்கம். ஒருநாள் வெட்டிப்போட்ட கட்டுகள் குப்பைக்குப் போகக் காத்திருந்தன. எல்லாவற்றிலும் குருவி. ஒன்றில் இறக்கை மேலே, அடுத்ததில் நடுவில், அதற்கடுத்ததில் கீழே. வரிசையாகக் கண்ணை ஓட்டினார். குருவி பறந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி பறந்தது. அன்று வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தார்கள்.

அது அவர் மனைவி இறந்த வருடம். அதே ஆஸ்பத்திரியில்தான், நாலாவது மாடியில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைச் சொன்னார்கள்: "காலம் போகப் போகச் சரியாயிடும்." அவரும் தினமும் அதைத்தான் சொல்கிறார், கை உடைந்தவர்களிடம். ஆனால் கைக்கு இத்தனை வாரம் என்று அவரால் சொல்ல முடியும். இதற்கு யாராலும் சொல்ல முடியவில்லை. காலம் உள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. குருவியை விட்டுவிட்டு, மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு நடந்து போவதை ஒரு கட்டுக்கு ஒரு படமாக வரையத் தொடங்கினார்.

மகளுக்கு அந்த ஆசை கிடையாது. திருமண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். மென்றுகொண்டிருக்கும் சொந்தக்காரர்களை நீக்கி, சிரிப்பவர்களை மட்டும் விடுவதில் கெட்டிக்காரி என்று பெயர். வீட்டிலும் அதையே செய்தாள். அம்மா பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் ஆஸ்பத்திரி கேட்டோடு சரி. காவலாளியிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அம்மா இறந்த பிறகு அந்தக் கேட்டுக்குள் அவள் கால் வைக்கவே இல்லை. அவள் ஒரே ஒரு முறையாவது அம்மாவை நின்று பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எழுநூறு பேர் சுமந்த படம் உண்மையில் ஒரு பார்வையாளருக்காக வரையப்பட்டது.

பழைய எக்ஸ்ரே தாள் ஒன்றைக் கழுவிக் கண்ணாடி போல ஆக்கிக்கொண்டார். அதன் ஒரு பக்கத்தில் போன படம் இருக்கும். மறுபக்கத்தில் கால் கொஞ்சம் முன்னே, குடை கொஞ்சம் சாய்வாக, அடுத்த படத்தை வரைவார். அதைப் பார்த்துக் கட்டின் மேல் மார்க்கரால் வரைந்ததும், பழைய பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுவார். கட்டு உடம்பில் இருக்கும்போது புகைப்படம் எடுக்க முடியாது, ஆள் அசைவார். அதனால் வெட்டி எடுத்த பிறகு வெறும் கட்டை மேஜையில் வைத்து, குளுக்கோஸ் ஸ்டாண்டில் கட்டிய போனால் எடுப்பார்.

நோயாளிகளைக் கேட்டுவிட்டுத்தான் வரைந்தார். மறுத்தவர்கள் குறைவு. ஒரு வங்கி மேலாளர் மட்டும் பயந்துபோனார்.

"என் கையில ஒரு பொம்பளை படமா? வீட்ல என்னன்னு சொல்றது?"

மறுநாள் மேலாளரின் மனைவியே அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணே, வரைஞ்சு விடுங்க. இவருக்கு வேற யாரும் கிடைக்கப்போறதில்ல."

கட்டுகள் வெளியுலகம் சுற்றிவிட்டுத் திரும்பின. ஒன்றில் குடைக்குப் பூப்போட்டிருந்தார்கள். ஒன்றில் பெண்ணுக்கு மீசை. ஒன்றில் தெரு முழுக்க யாரோ ஒருவரின் போன் நம்பர். எதையும் அவர் அழிக்கவில்லை. சிஸ்டர் மட்டும் மீசையைப் பார்த்துக் கோபப்பட்டார். "என்ன அண்ணே, அக்காவுக்குப் போய் மீசையா?" இவர் நிதானமாகப் பதில் சொன்னார்: "விடு சிஸ்டர். அவ பார்த்தா சிரிச்சிருப்பா."

கடைசிப் படம் ஒரு லாரி ஓட்டுநருக்குக் கிடைத்தது. தொடையிலிருந்து பாதம்வரை கட்டு. அந்தப் படத்தில் பெண் இல்லை. தெருமுனை தாண்டிப் போய்விட்டாள். வெறும் தெரு.

ஓட்டுநர் காலைப் பார்த்தார். "எல்லாருக்கும் அந்த அம்மா, எனக்கு மட்டும் காலி ரோடா? ஒரு லாரியாவது போடுங்க அண்ணே, ஊர் சிரிக்கும்."

"படம் முடிஞ்சிருச்சுப்பா."

"முடியுற நேரத்துலதான் என் காலு உடையணுமா?"

அந்த ஒரு கட்டு தவிர மற்றவை எல்லாம் கழன்று, படமும் எடுத்தாகிவிட்டது. ஒரு ஞாயிறு காலை போனை மகளிடம் நீட்டினார்.

"பாப்பா, இதைச் சேர்த்து ஓட வைக்கணும்."

"என்னப்பா இது, எலும்பு வார்டு ஆல்பமா?" என்றபடி அவள் படங்களைக் கணினியில் இறக்கினாள். "எது முதல்ல, எது அப்புறம்?"

"ஓரத்துல நம்பர் போட்டிருக்கேன்."

அவள் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். எட்டின் கீழ்ப்பாதி தெரிந்தது, அல்லது மூன்றின் கீழ்ப்பாதி. அடுத்ததில் ஒரு கோடும் கொஞ்சம் மாவுத்தூளும்.

"எந்த ஓரத்துலப்பா போட்டீங்க?"

"பக்கவாட்டுல. படத்துக்குள்ள நம்பர் வந்தா அசிங்கமா இருக்கும்ல."

"சரி. கட்டை எங்க வெட்டுவீங்க?"

அவர் முன்கையைத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை விரலால் கோடு இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"பக்கவாட்டுல," என்றார்.

எலும்புக்கு நேரே ரம்பம் வைக்கக்கூடாது, இரண்டு ஓரத்திலும் வெட்டித்தான் பிளக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கை பழகிய கோடு அது. அந்தக் கோட்டின் மேலேயே ஒவ்வொரு முறையும் எண்ணை எழுதி, ஒவ்வொரு முறையும் தானே அறுத்துத் தள்ளியிருக்கிறார். கட்டுகள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. போனில் இருந்தது எடுத்த வரிசை, அதாவது கட்டுகள் கழன்ற வரிசை. கைக்கட்டு சீக்கிரம் கழலும், கால்கட்டு தாமதமாகும். வரைந்த வரிசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மகள் சிரித்தாள். சிரிப்போடு அடுத்த படத்தைத் திறந்தாள். அந்தப் படத்தில் அழுக்கு இல்லை, மீசை இல்லை. கோடுகள் தெளிவாக இருந்தன. குடையை இடுக்கியிருந்த விதத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. கணினியை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அவர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு எல்லாவற்றையும் சின்னச் சின்னப் படங்களாக அச்சடித்து வாங்கி, வீட்டுக் கூடத்தில் தரையில் பரப்பினார். கதவருகே இருப்பவை இங்கே, தெருமுனை அங்கே. நடுவில் உள்ளவைதான் உயிரை வாங்கின. நடக்கிற பெண்ணுக்கு எல்லா அடியும் ஒரே மாதிரி. வியர்த்தது. எழுந்து ஃபேனைப் போட்டார்.

மகள் அறையிலிருந்து வந்தபோது அம்மா கூடம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தாள்.

"அப்பா! பேப்பரைப் பரப்பிட்டு யாராவது ஃபேன் போடுவாங்களா?"

"வேர்த்துச்சும்மா."

அவள் ஃபேனை நிறுத்தினாள். காலடியில் கிடந்த ஒன்றை எடுத்தாள். சோபாவுக்கு அடியில் போனதையும் எடுத்தாள். கையில் சேர்ந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது இதுக்கு முன்னாடி வரும்," என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"கடைக்குப் பக்கத்துல வந்ததும் அம்மா குடையைக் கை மாத்துவாங்க. மறந்துட்டீங்களா? வரைஞ்சது நீங்கதானே?"

அவருக்கு அது தெரியாது. கை தானாக அப்படி வரைந்திருக்கிறது. சாப்பாட்டு வேளை தாண்டியும் இருவரும் எழவில்லை. அம்மாவுக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று அவள் சொன்னாள். வலது என்று அவர் சொன்னார். வாக்குவாதம் முற்றிப் பழைய புகைப்படம் ஒன்று அலமாரியிலிருந்து இறங்கியது. இடதுதான். அந்தப் புகைப்படம் திரும்ப மேலே ஏறவில்லை.

சரியான வரிசை கிடைத்தது. மகள் அதைக் கணினியில் ஓட்டினாள். பெண் பூட்டினாள், நடந்தாள், சிறியவள் ஆனாள், தெருமுனையில் மறைந்தாள். அழகாகத்தான் இருந்தது.

"இவ்வளவு நேரா போயிட்டாங்களா?" என்றாள் மகள்.

"போயிட்டா. காலம் ஆகும்போது அப்படித்தானே, கொஞ்சம் கொஞ்சமா..." என்றார்.

என்ன தோன்றியதோ, போனில் இருந்த பழைய வரிசையையும் அப்படியே போட்டு ஓட்டினாள். பெண் பூட்டினாள். நாலடி நடந்தாள். பட்டென்று திரும்பக் கதவருகே நின்றாள். கடைவரை போனாள், மறுபடி கதவு. பூப்போட்ட குடையோடு ஒரு முறை, மீசையோடு ஒரு முறை, கதவு. பாதித் தெரு போய், மறுபடி கதவு.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, பூட்டு! அம்மா பூட்டை இழுத்துப் பார்க்க வர்றாங்க!"

உயிரோடு இருந்தவரை அந்த அம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரே மூச்சில் போனதே கிடையாது. பாதித் தூரம் போய்ச் சந்தேகம் வந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். பஸ்ஸைத் தவறவிட்டதெல்லாம் அதனால்தான். தெருவே கேலி செய்யும். அதை வரைய வேண்டும் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. கால்கட்டுகள் தாமதமாகக் கழன்று அதை வரைந்துவிட்டன.

இருவரும் சிரித்தார்கள். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். அறையை விட்டுப் போகவில்லை. நாலு முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது முறை அவர், "இப்படியே விட்டுடலாமா?" என்றார்.

"இப்படியேதான் இருந்துச்சுப்பா எனக்கு. போயிட்டாங்கன்னு நினைப்பேன், வந்து நிப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசிப் படம் எங்க? ஒண்ணு குறையுதே."

"அது இன்னும் லாரி டிரைவர் கால்ல இருக்கு. வெறும் தெரு."

"வெறும் தெருவா? அழிச்சிடுங்க."

"மாவுல ஏறின மார்க்கர் போகாது பாப்பா. மேல வேணா வரையலாம்."

"அப்ப அம்மா திரும்பி வர்றதை நான் வரையறேன். எப்ப வெட்டுறீங்க?"

"வியாழக்கிழமை." கொஞ்சம் தயங்கினார். "டிரைவர் காலை வாங்கிட்டு வர முடியாது, வெட்டின கட்டையும் வெளிய விட மாட்டாங்க. நீதான் உள்ள வரணும்."

அவள் எந்தப் பேனா மாவில் பரவாது என்று கேட்டாள்.

ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தெருவின் ஓரத்தில் சின்னதாக ஒரு லாரி நிற்க வேண்டும். வியாழக்கிழமை காலை முதல் ஆளாக அவருடைய கட்டு வெட்டப்படுகிறது. மகள் ஸ்டுடியோவில் அரை நாள் விடுப்பு கேட்டிருக்கிறாள். சாப்பாட்டு டப்பாவை அன்று அவளே உள்ளே கொண்டுவருவாள் என்று அப்பா காவலாளியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.