மார்கழியில் முனகிய வண்டி

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு மாமா புதுச்சேரிக்குத் திரும்பியபோது, கூடவே ஓர் அமெரிக்க மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்தது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு முனையில் அது திரும்புவதற்குள் இரண்டு சைக்கிளும் ஒரு தள்ளுவண்டியும் ஒதுங்க வேண்டும். ஆனால் அந்த ஸ்டீயரிங்கை ஒரே விரலால் திருப்பலாம், அதில்தான் மாமாவுக்கு அப்படி ஒரு கர்வம். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி வைத்து முன்மூடியைத் திறந்து காட்டுவார். பானெட் என்று சொல்லமாட்டார், பிரெஞ்சில் கப்போ என்பார். உள்ளே ஸ்டீயரிங்குக்கென்றே ஒரு பம்பு, அதன் தலையில் மூடி போட்ட எண்ணெய் டப்பா. அந்த எண்ணெய்தான் சக்கரத்தைத் திருப்புகிறது, நாம் சும்மா கையை வைத்திருந்தால் போதும் என்பார். பால்காரர்கூட இந்தப் பாடத்தைக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் எனக்கும் மனப்பாடமே ஆகிவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. அப்பா இறந்த பிறகு அவர்தான் எங்களுக்கு எல்லாம். அப்போது ஊரில் பிரெஞ்சுக்கொடி இறங்கியிருந்தது, பலரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸில் இருந்த மாமாவின் சிநேகிதர் ஒருவர், வேலை தயாராக இருக்கிறது, புறப்பட்டு வா என்று சொல்லியனுப்பினார். வண்டியை விற்றால் கப்பல் ஏறிவிடலாம். மாமா போய்விட்டால் நானும் அம்மாவும் கடலூரில் பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். பெரியம்மா சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போடுகிறவள். எனக்கு அந்த ஒன்றே போதும், போகவே கூடாது என்றிருந்தது.

அம்மாவோ தலைகீழாக நின்றாள். மாமா தயங்கத் தயங்க அவள் விரட்டினாள்.

"எங்களுக்காக உன் பொழப்பைக் கெடுத்துக்காதடா. கெளம்புற வழியைப் பாரு."

வண்டி விற்று மாமா பயணம் கிளம்பிவிட்டால் பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருப்பதையும் தெருவுக்கே சொல்லி வைத்தாள்.

முதலில் பார்க்க வந்தவர் திண்டிவனத்து அரிசி மில்காரர். நல்ல மனுஷன், உட்கார்ந்ததுமே வண்டி பிடித்துவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பினார். முன்பக்கத்திலிருந்து சினை எருமை முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இந்தப் பக்கம் திருப்பினாலும் முனகல், அந்தப் பக்கம் திருப்பினாலும் முனகல். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்று போனவர்தான், ஆளையே காணோம். மாமா முகம் தொங்கிப்போயிற்று. அவரைத் தேற்றுவதற்காக அம்மா அன்றைக்கு முந்திரி போட்டுக் கேசரி கிளறினாள்.

மாமா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார். சும்மா நின்று ஓடும்போது சத்தமில்லை, ஸ்டீயரிங்கைத் திருப்பினால்தான் வருகிறது. ஆகவே எஞ்சின் மேல் குற்றமில்லை. பம்பைச் சுழற்றும் பெல்ட்டை அமுக்கிப் பார்த்தார், விறைப்பாகவே இருந்தது. டப்பாவைத் திறந்தால் எண்ணெய் அடியில் கிடந்தது, அதுவும் சோப்பு நுரைபோலப் பொங்கிக்கொண்டு. ரப்பர் குழாயின் பிடி தளர்ந்து எண்ணெய் கசிந்திருக்கிறது, எண்ணெய்க்குப் பதில் காற்றைக் குடித்துவிட்டுப் பம்பு கத்துகிறது என்று கண்டுபிடித்தார். பிடியை முறுக்கி, சென்னையிலிருந்து அதற்கான எண்ணெயை வரவழைத்து ஊற்றியதும் சத்தம் அடங்கியது. அம்மா பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாள்.

மார்கழி பிறந்தது. வெயிலுக்கு முன்னால் வந்துவிடுகிறேன் என்று விழுப்புரத்திலிருந்து ஒருவர் விடிந்தும் விடியாமலும் வந்து இறங்கினார். ஸ்டீயரிங்கைத் தொட்டாரோ இல்லையோ, பழைய எருமை திரும்பி வந்து நின்றது, முன்னைவிடப் பலமாக. அவரும் நடையைக் கட்டினார். மத்தியானம் மாமா எடுத்து ஓட்டினால் சத்தமே இல்லை. டப்பாவைத் திறந்தால் எண்ணெய் நிறைய இருக்கிறது, நுரை இல்லை, குழாயில் கசிவும் இல்லை. மறுநாள் காலையில் மறுபடி முனகல். காலையில் மட்டும் கத்துவதற்கு இது என்ன சேவலா என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். கண் பட்டிருக்கும் என்றாள் எதிர்வீட்டு அத்தை. அம்மா உடனே எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து முன்னால் கட்டிவிட்டாள்.

ஒருநாள் விடிகாலையிலேயே மாமா கப்போவைத் திறந்தார். அம்மா அப்போது எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். உறைந்துபோன தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வெந்நீரில் நிறுத்தி வைத்திருந்தாள். வேடிக்கை பார்க்கும் ஆசையில் பாதிப் பின்னலோடு நான் வாசலுக்கு ஓடினேன். டப்பாவுக்குள் வெள்ளையாக, மெழுகு மாதிரி என்னவோ உறைந்திருந்தது.

"மாமா, இது நம்ம தலைக்கு வெக்கிற எண்ணெ," என்றேன்.

மாமா விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது வாசலில் அம்மா சீப்பும் கையுமாக நின்றாள்.

"அக்கா, இதுல தேங்காண்ணெ யாரு ஊத்துனது?"

"எண்ணெ கொறஞ்சா கத்தும்னு நீதானடா சொன்ன. கொறஞ்ச மாதிரி இருந்துச்சி, ஊத்துனேன்."

"கொறஞ்சிருந்துச்சா, மொண்டு எடுத்துட்டு ஊத்துனியா?"

அம்மா என்னை இழுத்து உட்காரவைத்து, சிக்கில் சீப்பை விட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா கண்ணிலும் தண்ணீர். அவள் தலையை யாரும் வாரவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமா வெயில் ஏறியதும் குழாயைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்தார். பிடிப்பதற்கு அம்மாவே ஒரு பழைய குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். மிச்சமிருந்த சென்னை எண்ணெயை ஊற்றி, வண்டியைக் கிளப்பிவிட்டு, என்னை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்தார். குமிழி வருவது நிற்கும்வரை நான் ஒரே விரலால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிக்கொண்டே இருந்தேன். உலகத்தையே நான்தான் திருப்புகிறேன் என்று நினைப்பு எனக்கு.

இரண்டு நாள் கழித்து, பனி விலகுவதற்கு முன்பே கடலூர் டாக்டர் ஒருவர் வந்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினார், ஒரு முனகலும் இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக, என்ன விலை என்றார்.

மாமா துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்குங்க டாக்டர். வண்டி விக்கிறதா இல்ல."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இவ்வளவு பாடுபட்டுச் சத்தத்தைப் போக்கிய வண்டியை யாராவது விற்பார்களா?

அன்று சாயங்காலம் அம்மா என்னைப் பிள்ளையார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு பெரிய தேங்காயை ஓங்கி உடைத்தாள். வண்டி விற்கவில்லை, மாமா கப்பல் ஏறவும் இல்லை, பிறகு எதற்குத் தேங்காய் என்று கேட்டேன். பொறுக்கித் தின்னு, பேசாதே என்றாள். கேட்டது ஒன்றையும் கொடுக்காமலே தேங்காயை வாங்கிக்கொண்டாரே, பிள்ளையார் பலே ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு நான் சில்லுகளைப் பொறுக்கினேன்.