திருத்திக் கொடுத்தவன்

இரண்டு நட்சத்திரக் குறிகள், ஒவ்வொன்றை ஒட்டியும் ஒரு குட்டி ஆங்கிலச் சொல். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட அந்தப் பதிவு இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. எத்தனையோ முறை அழிக்கப் போய், விரலைப் பின்வாங்கியிருக்கிறேன். அழித்துவிட்டால் செய்யவில்லை என்று ஆகிவிடுமா என்ன?

மராட்டி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் தொண்ணூறு வீடுகள். தமிழ் பேசும் வீடுகள் இரண்டே இரண்டு. கோயம்புத்தூரிலிருந்து வேலைக்காக வந்த எங்களுடையது ஒன்று. மற்றது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரியுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் ரயிலேறி வந்து, ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மராட்டிக்காரர்கள் அவரை ‘அண்ணா’ என்பார்கள். தெற்கேயிருந்து வந்த எவரும் அவர்களுக்கு அண்ணாதான். நான் அண்ணாச்சி என்பேன். மராட்டியும் இந்தியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. காய்கறிக்காரியிடம் அவர் பேரம் பேசுவதைக் கேட்டால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றுதான் தோன்றும். ஆங்கிலம் மட்டும் ஸ்டோர் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டது.

குழுவில் அறிவிப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பது கமிட்டி முடிவு. ஆகவே தினமும் காலையில் அண்ணாச்சியின் ஆங்கிலம் வந்து விழும். ‘டூ டேங்கர்ஸ் இஸ் கமிங்.’ ‘லிஃப்ட் மெக்கானிக்ஸ் இஸ் நாட் கமிங் டுடே.’ அதனால் யாருக்கும் தண்ணீர் கிடைக்காமல் போனதில்லை. யாரும் புரியாமல் லிஃப்டின் முன்னால் நின்றதுமில்லை.

என் பிழைப்போ பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்துவது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடுகள் தயாரிக்கும் பிரிவு. எழுவாய் ஒருமையா பன்மையா, வினை அதற்கு இசைந்து வருகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, ஓட்டலுக்குப் போனாலும் மெனு கார்டில் தப்பைத் தேடும் ஆளாகிவிட்டேன். “உங்களுக்கு இது வியாதிங்க” என்பாள் மனைவி. எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஒரு சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், கொடியேற்ற வரும் வார்டு கவுன்சிலரைப் பற்றி அண்ணாச்சி எழுதினார்: ‘கார்ப்பரேட்டர் சார் ஆர் கமிங். ஆல் சில்ட்ரன் இஸ் ரிக்வெஸ்டட்.’ அலுவலகப் பேருந்து நெரிசலில் நகராமல் நின்றது. எனக்கும் பொழுது போகவில்லை. நட்சத்திரக் குறி போட்டு ‘இஸ்’ என்றேன். அடுத்த வரியில் இன்னொரு நட்சத்திரம் போட்டு ‘ஆர்’ என்றேன். சிரிக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அண்ணாவை டியூஷனுக்கு அனுப்பலாம் என்றார் ஒருவர். ‘அண்ணா ஆர் கிரேட்’ என்று எழுதினார் இன்னொருவர். அதற்கு நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன். திருத்தியதைக்கூடப் பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை.

அன்று மாலை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.

“தம்பி, அதுல என்ன தப்புன்னு கொஞ்சம் சொல்லுங்க. கார்ப்பரேட்டர் பெரிய ஆளுல்லா? ‘இஸ்’னு போட்டா, வாரான் போறான்னு சொன்ன மாதிரி ஆயிராதா? அதான் ‘ஆர்’ போட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கு ‘இஸ்’ போதும்லா?”

எனக்குப் பொறி தட்டியது. அவர் இஷ்டத்துக்கு எழுதவில்லை. மனிதருக்கு மரியாதை கொடுக்க ‘ஆர்’. டேங்கர், மெக்கானிக், குழந்தைகள் என்றால் எத்தனை இருந்தாலும் ‘இஸ்’. ‘சார் வர்றாரு’, ‘ரெண்டு டேங்கர் வருது’ என்று நம் பேச்சில் வினைக்கு நாம் செய்வதையெல்லாம் அவர் ஆங்கிலத்துக்கும் செய்திருந்தார். மெக்கானிக்குக்கும் மரியாதை கொடுத்திருக்கலாம்தான். லிஃப்டைச் சரிசெய்ய வராதவன் மேல் அவருக்குக் கோபம் போலும். அதை ரசிக்கத் தெரியாமல், ராஜாவானாலும் பிச்சைக்காரனானாலும் ஆள் ஒன்று என்றால் ‘இஸ்’தான் என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

“அப்ப அவுக பாஷையில மரியாதையை எதுலதான் வைப்பாக?” என்று கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

“இனிமே உங்களுக்கு மொதல்ல அனுப்புதேன். திருத்திக் குடுத்தீகன்னா, அப்புறம் குரூப்ல போடுதேன்.”

“அனுப்புங்கண்ணாச்சி. ஆபீஸ் நேரத்துல ஃபோன் மட்டும் பண்ணாதீங்க, மீட்டிங்ல இருப்பனுங்க” என்றேன். பெரிய மனிதத் தோரணையில்தான் சொன்னேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே நடந்தது. நான் எப்போது திருத்தி அனுப்புகிறேனோ அப்போதுதான் அறிவிப்பு வரும். பதினொரு மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்கிற தகவல் பதினொன்றரைக்கு வந்த நாட்கள் உண்டு. திட்டு முழுக்க அவருக்குத்தான். ஒரு நாளும் என் பெயரைச் சொல்லவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. காலையில் நான் கிளம்பிப் போன பிறகு, அண்ணாச்சியின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வாட்ச்மேனும் அண்ணாச்சியுமாக ஆம்புலன்சில் ஏற்றி, பிம்ப்ரியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரே மகன் வெளிநாட்டில். இது எதுவும் எனக்குத் தெரியாது. பதினொன்று பத்துக்கு மீட்டிங்கில் மேசைமேல் கைபேசி ஒளிர்ந்தது. அண்ணாச்சியின் பெயரைப் பார்த்தேன். டேங்கர் அறிவிப்பாக இருக்கும் என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

திறந்து படித்தபோது மணி ஒன்றரை.

‘மை வைஃப் ஆர் இன் ஹாஸ்பிடல். டூ பாட்டில்ஸ் ஓ நெகடிவ் பிளட் இஸ் வாண்டட். ப்ளீஸ் கம்.’ கீழே மருத்துவமனையின் முகவரி. அதற்கும் கீழே தமிழில், ‘தம்பி அவசரம். திருத்திக் குடுங்க.’

அடுத்து நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அப்படியே எடுத்துக் குழுவில் போட்டிருக்க வேண்டும். என் விரல் முதலில் ‘ஆர்’ என்பதை ‘இஸ்’ ஆக்கியது. அடுத்த வரியில் ‘இஸ்’ என்பதை ‘ஆர்’ ஆக்கியது. பிறகுதான் மேலே அண்ணாச்சியின் பெயரைச் சேர்த்துக் குழுவில் போட்டேன். போட்ட பிறகுதான் படித்தது மண்டைக்குள் இறங்கியது. கார்ப்பரேட்டருக்குக் கொடுத்த மரியாதையை அந்த மனிதர் அன்று தன் மனைவிக்குக் கொடுத்திருக்கிறார். நான் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் ரத்தம் கேட்டிருக்கிறேன்.

குழுவில் பத்தே நிமிடத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் ஜிம் பயிற்சியாளர். மற்றவர் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண். நானும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் அந்த அம்மா ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டிருந்தார். ரத்தம் கைவசம் இருந்தால்தான் ஆபரேஷனுக்குக் கொண்டுபோவோம் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக அதே முனகல். அண்ணாச்சி பக்கத்து பெஞ்சில் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்களே குரூப்ல போட்டிருக்கலாமேண்ணாச்சி!” என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

“போடத்தான் பாத்தேன் தம்பி. இதுலயும் ஏதாச்சும் தப்பாப் போயி எல்லாரும் சிரிச்சுட்டாகன்னா? சிரிச்சவுக எப்படி ரத்தம் குடுக்க வருவாக?”

ரத்தம் கொடுத்துவிட்டு வந்த பயிற்சியாளரிடம் என் தோளைத் தொட்டுக் காட்டி, இவர் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததால்தான் நீங்களெல்லாம் வந்தீர்கள் என்று இந்தியில் சொன்னார். பயிற்சியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை. காலையிலேயே வந்த செய்தி அது, நான் பார்க்கவில்லை என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த அம்மா இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நடக்கிறார். என்னைப் பார்த்தால் நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். ஆச்சுங்கம்மா என்று சொல்லிக்கொண்டே நடையை எட்டிப் போடுகிறேன். அண்ணாச்சியின் செய்தி வந்தால் எந்த மீட்டிங்காக இருந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அதில் பெருமை ஒன்றுமில்லை.

போன வாரம் கணபதி விழாவுக்கான அறிவிப்பை எடுத்துக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார். நெடுநாளாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“இனிமே எனக்கு அனுப்ப வேண்டாமுங்கண்ணாச்சி. நீங்க எழுதறதே நல்லாத்தான் இருக்குது. நேரா போடுங்க. அன்னைக்குக் கார்ப்பரேட்டர் விசயத்துல நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுங்க.”

அவர் அறிவிப்பை என் கையில் வைத்தார்.

“வேண்டாம் தம்பி” என்றார். “உங்ககிட்ட காட்டிட்டா, நம்ம அசிங்கம் உங்களோடயே நின்னுரும்லா.”