வாங்க வருகிறவனுக்குப் பிடிக்கும்

எங்கள் தெருவில் ராட்னி ஸ்லீமனை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது. எதிர்வீட்டில் உட்கார்ந்து வருடக்கணக்காக அவனைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதால், என் வார்த்தையைக் கொஞ்சம் நம்பலாம்.

ஜீலாங் நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். கிளெனிஸ் என்றால் தெருவில் தெரியும். ராட்னி கார் தொழிற்சாலையில் வேலை செய்தவன். ஆனால் அது அவனுடைய தொழில் இல்லை, வயிற்றுப்பாட்டுக்கு. அவனுடைய தொழில் வீடு மாற்றுவது. அசிங்கமான வீடாகப் பார்த்து வாங்குவான். மனைவி ரேலீனோடு அந்தத் தூசிக்குள் குடியேறுவான். சுவரை இடிப்பான், தரையைப் பெயர்ப்பான், சமையலறையைப் பளபளப்பாக்குவான். எல்லாம் முடிந்து மனுஷன் உட்காரலாம் என்கிற நாளில் வாசல் புல்லில் 'விற்பனைக்கு' பலகை முளைத்துவிடும். குடியிருக்கிற வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி கிடையாது. அதற்காகத்தான் அவன் வீடுகளில் குடியிருந்தான். வேறு காரணம் எதுவும் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ரேலீன் பள்ளிக்கூட கேன்டீனில் பிள்ளைகளுக்கு இறைச்சி அடைத்த மீட் பை சூடாக்கிக் கொடுக்கிறவள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமைத்ததெல்லாம் துணி துவைக்கிற அறையில், முகாமுக்குக் கொண்டுபோகிற சின்ன அடுப்பில். நல்ல அடுப்பு வந்ததும் வீடு கைமாறிவிடும். அவள் பார்த்துப் பார்த்துத் துடைத்த அடுப்பில் எவளோ ஒருத்தி ஆட்டுக்கால் ரோஸ்ட் போடுவாள்.

எங்கள் தெருவுக்கு வந்தபோது "இதுதான் கடைசி" என்று சொல்லித்தான் கூட்டிவந்தான். ஆரஞ்சுச் செங்கல் வீடு, பின்னால் ஆற்றுப்பக்கம் சரிகிற பெரிய தோட்டம். ரேலீன் நம்பிவிட்டாள். வந்த வாரமே தன் அம்மாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு ஆணி தேடினாள். நான் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆணி வேண்டாம் ரேலீன்," என்றான் ராட்னி. "ஓட்டை விழுந்தா வாங்குறவனுக்குப் பிடிக்காது."

"எந்த வாங்குறவன்டா? இதுதான் கடைசின்னு சொன்னே?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

அந்த ஒரு பேச்சு ஐந்து வருடம் ஓடியது. வாங்குறவன் என்று ஒருத்தன், கண்ணால் கண்டிராத ஒருத்தன், அந்த வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தான். அவனுக்கு வெள்ளைச் சுவர் பிடிக்கும். அவனுக்குக் கம்பளம் பிடிக்காது, மரத்தரை பிடிக்கும். ரேலீனுக்குக் குளிர்காலத்தில் கால் விறைத்துப் போகும். அது வேறு விஷயம். அவனுக்கு மீன் வாசனை பிடிக்காது என்று ஜூலை மாதக் குளிர்த் தூறலில் குடை பிடித்துக்கொண்டு வெளியே பார்பிக்யூ அடுப்பில் மீன் வாட்டினாள் அந்தப் பெண்.

குளியல் தொட்டிக் கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய ரோஸ் நிறத் தொட்டி ஒன்று இருந்தது. ரேலீனின் இடுப்புவலிக்கு அதில் அரை மணி நேரம் வெந்நீரில் கிடப்பதுதான் மருந்து. இப்போதெல்லாம் கண்ணாடி ஷவர்தான் மவுசு என்று எங்கேயோ படித்துவிட்டு, சம்மட்டியால் அதை உடைத்து அள்ளினான். வந்து பார்த்த வீட்டு ஏஜென்ட் டேமியன், கூர்மூக்கு செருப்புப் போட்ட பொடியன், "ஐயையோ, தொட்டி இல்லாத வீட்டைக் கைக்குழந்தைக்காரங்க சீந்தவே மாட்டாங்களே" என்றான். உடனே ராட்னி முட்டை மாதிரி வெள்ளைத் தொட்டி ஒன்றை வாங்கி அறை நடுவில் வைத்தான். ரேலீன் துண்டோடு போய் நின்றாள்.

"இதுல வேண்டாம்மா, கறை படிஞ்சிடும்."

"அப்ப நான் எங்கடா குளிக்கிறது?"

"ஷவர் இருக்கே!"

இதைச் சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். நான் டீக்கோப்பையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இல்லாவிட்டால் அதை அவன் தலையில் வைத்திருப்பேன்.

அந்தப் பொடியன்தான் வினை வைத்தான். மார்க்கெட் சூடாக இருக்கிறது, இப்போது விட்டால் போச்சு என்று ஊதினான். ராட்னிக்கு அதுபோதும். ரேலீன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எப்போதும் போல விற்பனைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். "ஏன்டி போட்டே?" என்று கேட்டேன். "போடலைன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான் கிளெனிஸ். அந்த வெள்ளை வீட்டுல ஒளிஞ்சுக்க ஒரு மூலைகூட இல்ல," என்றாள்.

வீட்டைத் திறந்து காட்டும் சனிக்கிழமைகளில் தெருவே உள்ளே போய் வந்தது, வாங்குகிற உத்தேசம் எவருக்கும் இல்லாமல். நானும்தான் போனேன். வாடகை சோபா, வாடகை மெத்தை, கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழம். வீடு மணக்கட்டும் என்று அடுப்பில் வெனிலா சூடாகிக்கொண்டிருந்தது. குடும்பப் படங்கள் இருந்தால் வருகிறவர்கள் தங்களை அங்கே கற்பனை செய்துகொள்ள முடியாதாம். அதனால் அவள் அம்மாவின் படம், கல்யாணப் படம் எல்லாவற்றையும் காரின் பின்பெட்டியில் ஏற்றி, அவளையும் சேர்த்து ஆற்றங்கரைக்கு அனுப்பிவிட்டான். சொந்த வீட்டைப் பார்க்க ஊரே வந்தபோது, வீட்டுக்காரி காருக்குள் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

இங்கே வீட்டை வாசலிலேயே ஏலம் விட்டுத்தான் விற்பார்கள். ஏலத்தன்று நடைபாதை முழுக்கக் கூட்டம், கையில் காபியோடு. ரேலீன் என் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விலை வரலைன்னா விக்க மாட்டேன்னு சொல்லியிருக்கான்," என்றாள் மெதுவாக. "வராம போயிடணும் கிளெனிஸ். நான் இங்கயே கெடந்துடுறேன்."

கைக்குழந்தையோடு ஒரு இளம் தம்பதி கேட்டார்கள். அந்தப் பெண் வீட்டைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, முட்டைத் தொட்டியில் மனசைப் பறிகொடுத்திருக்கிறாள். இன்னொரு பக்கம், சிமெண்ட் ஒட்டிய பூட்ஸோடு ஒரு ஆள், தன் வண்டியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்கள் ஏற்ற ஏற்ற, அவன் தாடையை மட்டும் ஆட்டினான். ராட்னி நினைத்த விலையையும் தாண்டிப் போனது. கடைசியில் அந்த இளம்பெண் புருஷன் கையை அழுத்தி, போதும் என்று தலையசைத்தாள். பூட்ஸ்காரன் பேருக்குச் சுத்தியல் விழுந்தது. தெரு கைதட்டியது, என்னவோ ராட்னி பிள்ளை பெற்றுவிட்ட மாதிரி.

ராட்னிக்குக் கண் கலங்கிவிட்டது. பூட்ஸ்காரனின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாங்க, உள்ள வாங்க. ஒவ்வொண்ணா காட்டுறேன். கல் மேடை இத்தாலியிலேருந்து வந்தது."

"உள்ள எதுக்குப்பா?" என்றான் அந்த ஆள். "இடிக்கத்தானே போறேன். ஆத்தைப் பார்த்த மாதிரி மூணு வீடு எழுப்பலாம். இடம் அருமையான இடம்."

"இடிக்கவா? நீங்க... சமையலறையைப் பார்க்கலையா?"

"வீட்டுக்குள்ளயே வரலையே. கல்லு வேணும்னா நீங்களே பேத்து எடுத்துக்கங்க, எனக்கு லாரிக் கூலி மிச்சம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் ரேலீன் சிரிக்கவில்லை. தெருவைக் கடந்து போய் ராட்னி முன்னால் நின்றாள்.

"அவனுக்கு அது பிடிக்கும், இது பிடிக்காதுன்னு இத்தனை வருஷமா சொன்னியே. இந்தா, வந்துட்டான் உன் ஆளு. உள்ள எட்டிக்கூடப் பாக்கல."

"ரேலீன், விலையைப் பாரு. நல்ல விலை..."

"எடுத்துக்கோ. என் பாதியை எனக்குக் குடு. அடுத்த வீட்டுக்கு நீ மட்டும் போ."

எல்லோர் முன்னாலும் சொன்னாள். அவன் வழக்கம்போல ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் கார் கிளம்பியபோதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றான். எல்லாரையும் தன்னைப் போலவே நினைக்கிற பிறவி.

இப்போது ரேலீன் முடிதிருத்தும் கடைக்கு மேலே வாடகைக்கு இருக்கிறாள். இரண்டே அறை. வீட்டுக்காரரிடம் கேட்டு, சுவருக்கு ஆரஞ்சு நிறம் அடித்திருக்கிறாள். கண் கூசுகிறது. அவளிடமே சொன்னேன், "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

போன சனிக்கிழமை ஹார்டுவேர் கடை வாசலில் ராட்னியைப் பார்த்தேன். ரொட்டியில் மடித்த சாஸேஜ் ஒரு கையில், பெயிண்ட் டின் மறுகையில். ஹைட்டன் பக்கம் இன்னொரு ஓட்டை வீடு வாங்கியிருக்கிறானாம்.

"அவ வாடகை வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிருக்காளாமே?" என்றான். "அடுத்தவன் வீட்டுச் சுவருக்கு எவனாவது கைக்காசைப் போடுவானா? புத்தி இல்ல."

"உன் கையில இருக்கிற டின் யாரு வீட்டுச் சுவருக்கு, ராட்னி?"

அவன் டின்னைத் திருப்பி, அதில் எழுதியிருந்ததை எனக்குக் காட்டினான்.

"வெள்ளை கிளெனிஸ். வாங்குறவங்களுக்கு இதுதான் பிடிக்கும்."