இரைச்சலோடு அழித்த கால்தாளம்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் கடையில் முன்பக்கம் கைத்தொலைபேசி திருத்துவார்கள். பின்மூலையில் உட்கார்ந்து பழைய கசெற்றுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லை என்பதால் அது எனக்குப் பிடிக்கும். காதில் ஹெட்போனை மாட்டினால் தெரு தண்ணீருக்கு அடியில் போனதுபோல் தூரமாகிவிடும்.

பெரும்பாலும் சண்டைக் காலத்தில் ஊரிலிருந்து, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற்றுகள்தான் வரும். பின்னால் ஜெனரேட்டர் இரையும், நாய் குரைக்கும். "குரல் மட்டும் போதும்" என்பார்கள். மற்றதையெல்லாம் அழிப்பது எனக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

கூசேன்வில் புறநகரில் இருந்து வந்த மன்னார்க்காரர் ஒருவர் தந்த கசெற்றில் பேச்சு இல்லை. பாட்டுத்தான். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் பாட்டு, மிக முந்திய காலத்துப் பதிவு. கப்பலில் வேலை செய்த அவருடைய தமையன் ஏதோ துறைமுகத்தில் வாங்கிய இசைத்தட்டை, லா கூர்னெவில் இருவரும் தங்கியிருந்த அறையில் ஓடவிட்டுப் பதிந்திருக்கிறார்கள்.

ஒரு கிற்றார், ஒரு குரல். மழைக்குள் யாரோ நடந்து வருவதுபோல் இருந்தது. பாடகர் ஒரு வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூன்றாவது வரியில் தனக்குத் தானே பதில் சொல்வதுபோல் முடித்தார். அரைக் கனவில் இருந்தபடியே இரைச்சலை நீக்கினேன். டொக் டொக் என்று கேட்ட ஏதோ சத்தத்தையும் நீக்கினேன். வழக்கம்போல், சுத்தம் செய்யாத முதற்பிரதியைக் கணினியிலிருந்து அழித்தேன். கசெற்றைத் திரும்பச் சுற்றியபோது நாடா அறுந்தது.

மறுநாள் அவர் வந்து கேட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"தங்கச்சி, கால் எங்கை?"

"என்ன கால், அண்ணை?"

"என்ரை அண்ணரின்ரை கால். பதியேக்கை பக்கத்திலை இருந்து பாட்டுக்குத் தாளம் போட்டவர் எல்லோ. முள்ளெண்டு நினைச்சு மீனை எறிஞ்சு போட்டீர்." பிறகு குரல் தணிந்தது. "பாட்டு எங்கையும் கிடைக்கும். அண்ணர் செத்துப்போனார். அவரின்ரை சத்தம் இதிலை மட்டும்தான் கிடக்கு."

நாடா அறுந்ததையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

"ஒட்டேலாதோ?"

"ஒட்டலாம். ஒருக்கா ஓடும். ரெண்டாந்தரம் ஓடுமோ தெரியாது."

நான் நாடாவின் நுனிகளை வெட்டி ஒட்டும்வரை அவர் பக்கத்தில் இருந்து கதைத்தார்.

"பிறகு அமெரிக்காவிலை வந்த ரொக், சோல் பாட்டு எல்லாத்துக்கும் அடி இதுதான் எண்டு அண்ணர் சொல்லுவார். தனி ஆள், ஒரு கிற்றார், காலாலை ஒரு தாளம். பின்னாலை வந்தவங்கள் கிற்றாருக்குக் கரண்ட் குடுத்தாங்கள், காலுக்குப் பதிலா ட்ரம் வைச்சாங்கள்."

"எல்லாத்துக்குமோ அண்ணை?"

"கறுப்புச் சனம் சேர்ச்சிலை பாடின கோயில் பாட்டும் இருக்கு. அதுவும் பக்கத்து வீடுதான்."

பதிவைத் தொடக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆளுக்கொரு ஹெட்போன். முதலில் இரைச்சல் வந்தது. அதற்குள்ளிருந்து கிற்றார், பிறகு கால். ஒட்டிய இடத்தில் பாட்டு அரை வரி துள்ளியது. ஒட்டுக்கு மறுபக்கத்திலும் கால் இருந்தது.

"பிந்தித் தட்டுறார், கேட்டீரே? ஒருநாளும் நேரத்துக்கு வந்த மனுசன் இல்லை." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பாட்டு முடிந்தது. இசைத்தட்டில் ஊசி உரசும் சத்தம் மட்டும் சுழன்றது. அதற்குப் பிறகும் அந்தக் கால் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது. நான் பதிவை நிறுத்தவில்லை.