எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குள் நான் போன நாள்

மேலப்பாளையத்தில் நாற்பத்தோரு வருடம் வாழ்ந்தும், எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குள் நான் போனதில்லை. எங்கள் தெருவில் பெண்கள் வீட்டில்தான் தொழுவார்கள். போன வருடம், பிற மதத்தாரை அழைத்துப் பள்ளிவாசலைச் சுற்றிக்காட்ட ஜமாஅத்தார் முடிவு செய்தார்கள். வரும் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல, ஆசிரியை என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பார்க்காத இடத்துக்கு நான் வழிகாட்டி!

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முப்பது பெண்கள் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். பாளையங்கோட்டையில் சர்ச் ஆராதனை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்று ஐந்து கடமைகளையும் சொல்லி முடித்தேன்.

"அஞ்சுதானா? எங்களுக்குப் பத்துக் கட்டளைல்லா!" என்றார் கணக்கு டீச்சர். எல்லோரும் சிரித்தோம்.

குர்ஆனில் ஈஸா நபியின் தாய் மர்யம் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது என்றேன்.

"எங்க மரியாளா? நெசமாவா சொல்லுதிய?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்துத்தான் மாட்டிக்கொண்டேன். மேற்குச் சுவரில் வளைவாகக் குடைந்திருந்த மாடத்தைக் காட்டி, "சாமி படமும் இல்ல, விளக்கும் இல்ல. அங்கன எதுக்கு ஒரு மாடம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லிவிட்டேன். தூணருகே நின்ற இமாம் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"அதுக்குப் பேரு மிஹ்ராப். மக்கா இருக்க திசையக் காட்டுது. இன்னொண்ணும் இருக்கு, கேளுங்க" என்று ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். மாடத்தை நோக்கி நின்று மெதுவாக ஓதினார். குரல் வளைவில் மோதித் திரும்பி, கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

சற்று நேரத்தில் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. நான் வீட்டுக்குக் கிளம்பினேன். "எங்க போறிய? விளக்கம் சொன்னவங்க தொழாமப் போலாமா?" என்று இமாம் பின்பக்கம் ஒரு திரை கட்டச் சொன்னார். கணக்கு டீச்சர் என் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"போங்க டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்."

திரைக்குப் பின்னால், வந்தவர்களைக் கவனிக்க வந்திருந்த எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் என்னோடு வரிசையில் நின்றார்கள். உள்ளே ஒலிபெருக்கியை இன்னும் போடவில்லை. 'அல்லாஹு அக்பர்' என்ற இமாமின் தக்பீர் அந்த மாடத்தில் பட்டு நேராக எங்களிடம் வந்தது.