மாமா கேட்ட பிக்கப்

என் மாமாவுக்கு ஒரு பிக்கப் வண்டி வேண்டும் என்று பெரிய ஆசை என்பதாக, ஒன்பது வயதில் ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதை அவருடைய முதலாளியிடம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லவும் செய்தேன். வகுப்பில் இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கிய திமிர் வேறு.

அப்போது நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு கட்டுமானக் கம்பெனியில் படம் வரையும் வேலை. மாமா அம்மாவின் தம்பி. சனையா என்று எல்லோரும் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். பாலைவன மணலில் ஓட்டுகிற பக்கி வண்டிகளைப் பிரித்து மேய்வதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் விசாவில் அவர் வெறும் ஹெல்பர். ஹெல்பருக்குக் குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. அத்தை ஐந்து மாசம் முழுகாமல் இருந்தபோது அவளைக் கோவில்பட்டியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவர். பிறந்த பெண்ணுக்கு இரண்டரை வயதாகிவிட்டது, இன்னும் நேரில் பார்த்ததில்லை. லீவு கேட்கும்போதெல்லாம் அர்பாப், அதாவது முதலாளி, சீசன் முடியட்டும் என்பாராம். ஃபோர்மேன் என்று விசாவை மாற்றி அர்பாப் ஒரு கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பெரியவர்கள் இதையேதான் பேசுவார்கள். என் காதில் விழும், மண்டையில் ஏறாது.

மண்டையில் ஏறியது பிக்கப் மட்டும்தான். ஊரில் ஒரு வண்டிக்கு பிக்கப் இல்லை என்றால், மிதித்தவுடன் பாயவில்லை என்று அர்த்தம். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படித் தெரியும்? வளைகுடாவில் பிக்கப் என்றால் பின்னால் திறந்த தொட்டி வைத்த சரக்கு வண்டி. எனக்கும் அந்த ஒரே அர்த்தம்தான் தெரியும், அர்பாபுக்கும் அது ஒன்றுதான் தெரியும்.

அர்பாபிடம் ஒரு மஞ்சள் பக்கி இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய சிவப்பு மணல்மேட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆளாளுக்கு வண்டியோடு கூடுவார்கள். இரண்டு இரண்டு வண்டியாகக் கொஞ்ச தூரம் சமதரையில் ஓடி, அப்புறம் மேடு ஏறி, யார் முதலில் உச்சிக்குப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். அர்பாப் தன் சித்தப்பா மகனிடம் வாராவாரம் தோற்றார். பெரிய டயர் மாட்டினார், காது கிழிகிற சைலன்சர் மாட்டினார். சமதரையில் அம்பாகப் போகும் வண்டி, பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். எல்லோரும் ஹாரன் அடித்துச் சிரிப்பார்கள்.

"மேடு ஏறுறதுக்கு ஸ்பீடு எதுக்குட்டி? பிக்கப்லா வேணும்!" என்று மாமா என்னிடம் புலம்புவார். நியாயம்தானே என்று நினைத்துக்கொள்வேன். பிக்கப் இருந்தால் பக்கியைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடலாமே.

அர்பாபிடம் விளக்கிச் சொல்லத்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னை வொர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போனார். மாமாவின் இங்கிலீஷ் கொஞ்சம் இந்தி, கொஞ்சம் அரபி, மிச்சம் கையசைப்பு. "வண்டிக்கு ஸ்பீடு இருக்கு, பிக்கப் இல்லன்னு சொல்லு" என்றார். நானும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று சொன்னேன்.

அர்பாப் என்னை ஒரு தடவை பார்த்தார், மாமாவை ஒரு தடவை பார்த்தார். வருஷம் பூராவும் இந்த ஆளுக்கு இதே பேச்சுதானா, பக்கியைப் பார்க்கச் சொன்னால் பிக்கப் கேட்கிறான், பிக்கப் மாஃபி, எனக்கு ஸ்பீடு போதும் என்று கத்தினார்.

"என்னட்டி சொல்றாரு?"

"பிக்கப் கிடையாதாம். ஸ்பீடு போதுமாம்."

மாமாவின் முகம் தொங்கிப்போய்விட்டது. சீசனின் கடைசிப் பந்தயம் அடுத்த வெள்ளிக்கிழமை. அன்றும் தோற்றால் கலாஸ், முடிந்தது கதை, வண்டியை வேறு வொர்க்‌ஷாப்புக்குக் கொடுத்துவிடுவேன் என்று அர்பாப் சொல்லியிருந்தார். அப்புறம் யாருக்கு ஃபோர்மேன், எதற்குக் கையெழுத்து?

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார் மாமா. ஹாலில் செய்தித்தாளை விரித்து மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஆறு இரும்புத் துண்டுகள், ஓர் அரம். நேராக அடுக்களைக்குள் போய் அம்மாவின் எலெக்ட்ரானிக் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏலே, அது கேக் மாவு நிறுக்கிற தராசுலே! கிரீஸ் கையோட தொடாதலே!" என்று அம்மா அலறினாள்.

"கேக்கு கெடக்கட்டும்க்கா. என் பொழப்பே இதுலதான் இருக்கு" என்றார் மாமா. அம்மா ஒரு பழைய துணியை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள்.

பக்கியில் நாம் மாற்றுகிற கியர் கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட், அவ்வளவுதான். எஞ்சின் சுற்றச் சுற்ற, முன்கப்பியின் கிளட்சுக்குள் இருக்கிற இந்த ஆறு எடைகளும் வெளியே விரிந்து, கப்பியை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றும். எடை கனமாக இருந்தால் பெல்ட் சீக்கிரமே ஏறிவிடும், சமதரையில் வண்டி பறக்கும். ஆனால் மேட்டில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். எடையைக் குறைத்தால் எஞ்சின் நன்றாக மூச்சு இழுத்துக்கொண்ட பிறகுதான் பெல்ட் ஏறும். அரத்தால் ராவிக்கொண்டே மாமா இதையெல்லாம் சொன்னார். பின்சக்கரத்துச் சங்கிலிப் பல்சக்கரத்தையும் இரண்டு பல் கூடுதலானதாக மாற்றிவிட்டாராம். இழுவை கூடும், ஓட்டம் குறையும்.

தராசில் எண் வாசிப்பது என் வேலை. ஒவ்வொரு துண்டிலும் நாலு கிராம் குறையவேண்டும், ஆறும் ஒரே எடை இருக்கவேண்டும். ஒன்று கூடினாலும் வண்டி உதறும். ராவுவார், துடைப்பார், வைப்பார், நான் கத்துவேன், மறுபடி ராவுவார். ஒரு கிராமுக்காக ஒரு மனுஷன் இத்தனை பாடு படுவதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் மெல்ல, "அர்பாப் வேண்டாம்னு சொன்னதத்தான்க்கா பண்ணியிருக்கேன். தோத்தா ஊருக்கு டிக்கெட்தான்" என்றார்.

மறுநாள் அப்பா எங்களை மணல்மேட்டுக்குக் கூட்டிப்போனார். யல்லா என்று யாரோ கொடியை வீசினார்கள். இரண்டு வண்டிகளும் கிளம்பின.

ஐயோ, சமதரையிலேயே மஞ்சள் வண்டி பின்தங்கிவிட்டது! எப்போதும் முந்திப் போகிற வண்டி, எதிராளியின் புழுதியைத் தின்றுகொண்டு போனது. ஓட்டிக்கொண்டே அர்பாப் எங்கள் பக்கம் திரும்பி முறைத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாமா என் கையைப் பிடித்திருந்தார், எலும்பு நொறுங்குகிற பிடி. "ஏறட்டும், ஏறட்டும், மேட்டுல ஏறட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

ஏறியது. அடேயப்பா, என்ன ஏற்றம்! எப்போதும் பாதியில் அழுகிற எஞ்சின் அன்றைக்கு அழவே இல்லை. ஒரே சுருதியில் பாடிக்கொண்டு, மணலைப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு, நடுமேட்டில் திணறிக்கொண்டிருந்த சித்தப்பா மகனைத் தாண்டி நேரே உச்சிக்குப் போய்விட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதற்கும் அலட்டிக்கொள்ளாத என் அப்பா, முன்பின் தெரியாத ஒரு பட்டான் டிரைவரைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

அர்பாப் இறங்கி வந்து மாமாவின் மூக்கோடு மூக்கை உரசினார். அரபிகள் தங்கள் ஆட்களுக்குச் செய்கிற மரியாதை அது. என்னைக் கூப்பிட்டு, உன் மாமா வருஷம் பூராவும் கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று சொல், அதோ நிற்கிறது, சாவி உள்ளேயே இருக்கிறது என்று கையைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு பிக்கப்.

"மாமா! பிக்கப் குடுத்துட்டாரு!"

"குடுத்தது நானுல்லாட்டி! அதனாலதான ஜெயிச்சாரு?"

"அது இல்ல மாமா, அங்க பாருங்க, வெள்ளை பிக்கப்! நீங்கதான கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

மாமா வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெல்ல மெல்ல விஷயம் விளங்கியது போலிருக்கிறது. தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு எழுந்தவர், "வண்டி வேண்டாம்னு சொல்லு. விசாவுல ஃபோர்மேன்னு மாத்திக் குடுக்கச் சொல்லு. உங்க அத்தையும் பாப்பாவும் வரணும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையில் கிடைத்த வண்டியை வேண்டாம் என்று ஒரு காகிதத்தைக் கேட்கிறாரே, மூளை இருக்கிறதா இந்த மனுஷனுக்கு? சரி, தேங்க் யூ, எடுத்துக்கொள்கிறோம் என்று நானே சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? நிஜமாகவே அப்படி நினைத்தேன். கடைசி முயற்சியாக, "ரெண்டையும் கேக்கட்டா மாமா?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேளுட்டி. சரியாக் கேளு."

வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். அர்பாப் சிரிப்பை நிறுத்தினார். பெண்ணுக்கு எத்தனை வயது என்று கேட்டார், சொன்னேன். இவன் பார்த்திருக்கிறானா என்று கேட்டார். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்போர்ட்டோடு வரச் சொல், கலாஸ் என்றார். மாமா நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

இரண்டு மாசம் கழித்து அத்தையும் பாப்பாவும் வந்து இறங்கினார்கள். ஏர்போர்ட்டுக்குப் போக அந்த வெள்ளை வண்டியையே கொடுத்தார் அர்பாப். இன்றைக்காவது உனக்கு பிக்கப் வேண்டும்தானே என்று கிண்டல் வேறு. போகும்போது முன்சீட்டில் ராணி மாதிரி நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாமாவைக் கண்டதும் பாப்பா அத்தையின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "ஏட்டி, அப்பா பாரு" என்று அத்தை தூக்கிக் காட்டினாள். அது தலையை ஆட்டிவிட்டு அத்தையின் கையிலிருந்த செல்ஃபோனைத் தொட்டு, "அப்பா இதுல" என்றது. மாமா பக்கத்தில் வந்தார். முட்டிபோட்டுக் குனிந்து, ஃபோனிலிருந்த தன் படத்தின் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். பாப்பா படத்தைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, ஒரு விரலை நீட்டி மீசையைத் தொட்டது. அப்புறம் கையை நீட்டித் தாவியது.

திரும்பும்போது முன்சீட்டு அத்தைக்கும் பாப்பாவுக்கும் போய்விட்டது. நான் உர்ரென்று பின்னால் வந்த அப்பாவின் காரில் ஏறிக்கொண்டேன். முன்னால் மாமாவின் வண்டி ஊர்ந்தது. சிக்னலில் பச்சை விழுந்தும் மெல்ல, மெல்ல, உள்ளே யாரோ தூங்குவது போல நகர்ந்தது. பின்னால் இருந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஒரு தண்ணீர் லாரிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய மேட்டை ஜெயித்த மனுஷனுக்கு நேரான ரோட்டில் ஒரு வண்டியை ஓட்டத் தெரியவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே அவமானமாக இருந்தது.