குடிதண்ணீர்க் குழாயடியில் விட்ட ஹோஸ்

லண்டன் ஓரத்தில் ஒரு கேரவன் முகாம். பாரிஸிலிருந்து இங்குள்ள கோயிலின் தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். காலையில் தலைக்கு முழுகித் திருநீறு பூசியபின்தான் அது கண்ணில் படுகிறது. எங்கள் கேரவனின் கழிவுத் தொட்டியை நேற்று காலி செய்த ஹோஸ். கழுவி, கேரவனில் அதற்குள்ள பெட்டியில் வைக்காமல் குடிதண்ணீர்க் குழாயடியிலேயே விட்டிருக்கிறேன். ஆட்கள் வாளியோடு வருகிறார்கள்.

முகாமைப் பராமரிப்பவரும் எங்களைப் போல யாழ்ப்பாணத்தவர்தான்.

“அண்ணை, உங்கட ஹோஸோ? சனம் குடிக்கிற தண்ணியெல்லே!”

“ஓம் தம்பி. முழுகிட்டன், கோயிலுக்குப் போறன். இப்ப தொடேலாது. வந்து எடுக்கிறன்.”

“நான் இன்னும் முழுகேல்லை அண்ணை. நான் தொடலாம்.”

வெறுங்கையால் ஹோஸைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிவுக்குழியடியில் கழுவுகிறார். சுருட்டி எங்கள் பெட்டிக்குள் வைக்கிறார். பிறகு குடிதண்ணீர்க் குழாயைச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறார்.

என் கைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன, சிவனே. அவற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறேன்.